மலை வீட்டில் எவ்வளவு பொருள் போதும்?

கேள்வி: எங்கள் வீடு கோத்தகிரியில். இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை, அதற்கு மேல் பரண், வெளியே ஒரு தகர ஷெட். இப்போது இருப்பது நான், கணவர், அத்தை மூன்று பேர்தான். மகள் கோவையில் வேலை பார்க்கிறாள். தீபாவளிக்கு வந்தவள் “இது வீடா, குடோனா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆளுக்கு நூறு பொருள் போதுமாம், மூன்று மாதம் தொடாததை யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமாம். தினமும் யூடியூப் வீடியோ அனுப்புகிறாள். எனக்கும் ஆசைதான். மழைக்காலம் முழுக்கப் பீரோவைத் திறந்தாலே பூசண வாடை. பின் அறைச் சுவர் மண்மேட்டை ஒட்டியது. கணவருக்கு மழை வந்தால் இளைப்பும் வந்துவிடுகிறது. ஆனால் அத்தை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக்கூட விடமாட்டார். 1974-இல் சிலோனிலிருந்து ஒரே ஒரு தகரப் பெட்டியோடு வந்தவர். அந்தப் பெட்டி இன்னும் அவர் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது? பரணை இடித்துவிட்டால் சாமான் சேராது என்றும் ஒரு யோசனை. இடிக்கலாமா?
— வாசகி, கோத்தகிரி

பதில் தருபவர்: கட்டடப் பொறியாளர், குன்னூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொல்வதில் பாதி சரி. பொருளைக் குறைக்கத்தான் வேண்டும். நூறு என்ற கணக்கையும் மூன்று மாதக் கெடுவையும் மட்டும் கீழேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். நம் மலையில் ஜூன் தொடங்கி டிசம்பர் வரை ஏதாவது ஒரு மழை இருந்துகொண்டே இருக்கிறது. நீங்கள் இருக்கும் கிழக்குப் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. அது விட்டதும் மார்கழிக் குளிர். மே மாதத்தில் நின்று பார்த்தால் ரெயின்கோட்டும் கம்பளிக் குல்லாவும் மூன்று மாதமாகத் தொடாத பொருள்கள்தான். தூக்கிக் கொடுத்துவிட்டால் நவம்பரில் மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டும். இங்கே ஒரு பொருளுக்குக் கெடு என்றால் முழுதாக ஒரு வருஷம்.

சில பொருள்கள் இரண்டாக இருந்தே ஆக வேண்டும் என்பதும் உண்டு. 2009 நவம்பர் மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாவட்டம் முழுக்க நிலச்சரிவு, 40 பேருக்கு மேல் இறந்தார்கள், சாலைகள் துண்டாகிக் கிடந்தன. அதனால் இன்னொரு கேஸ் சிலிண்டர், டார்ச், மெழுகுவர்த்தி, ஒரு வாரத்துக்கான அரிசி பருப்பு, மாத்திரை இவற்றில் யாரும் கை வைக்க வேண்டாம். வெள்ளைச் சுவரும் ஒற்றை நாற்காலியுமாக வீடியோவில் தெரிகிற வீட்டுக்குப் பக்கத்தில் இருபத்துநாலு மணி நேரமும் ஒரு கடை திறந்திருக்கும். நமக்கு அது கிடையாது.

அப்படியானால் எதைக் குறைப்பது? உபயோகமில்லாமல் கிடப்பதை. காரணம் அழகு மட்டுமில்லை. மலை வீட்டில் சும்மா கிடக்கிற பொருள் ஈரத்தைக் குடித்துக்கொண்டு கிடக்கிறது.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வாடைக்கும் கணவரின் இளைப்புக்கும் வழி இங்கேதான். 20 டிகிரி காற்று ஒரு கன மீட்டருக்கு 17 கிராம் வரை நீராவியைத் தாங்கும். அதே காற்று 10 டிகிரிக்கு இறங்கினால் 9 கிராம் சொச்சம்தான் தாங்கும். மிச்சம் தண்ணீராக இறங்கிவிடும். எங்கே இறங்கும்? வீட்டிலேயே எது குளிர்ந்து கிடக்கிறதோ அங்கே. வெளிச்சுவர், அதை ஒட்டி நிற்கும் ஸ்டீல் பீரோவின் முதுகு, கட்டிலுக்கு அடியில் உள்ள தரை. நீராவி எங்கிருந்து வருகிறது என்றால், நாம்தான் கொடுக்கிறோம். மூச்சு, குளியல், ஹாலில் கொடி கட்டிக் காயப்போடும் துணி. பலருக்குத் தெரியாத ஒன்று சமையல் கேஸ். அது எரியும்போதே நீராவி உண்டாகிறது, 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீர்வதற்குள் ஏறத்தாழ 22 லிட்டர் தண்ணீரை ஆவியாக வீட்டுக்குள் விட்டிருக்கும். சோறும் குழம்பும் கொதிக்கும் ஆவி தனிக் கணக்கு.

இந்த ஈரம் காற்றோடு வெளியே போனால் தொல்லையில்லை. சுவர் ஓரம் முழுக்கச் சாமானாக இருந்தால் காற்று அந்தப் பக்கம் போகாது, ஈரம் அங்கேயே தங்கும், பூஞ்சை பிடிக்கும். கம்பளி இன்னும் மோசம்: தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் கைக்கு நனைந்ததாகவே தெரியாது. பூஞ்சை பிடித்த வீட்டில் இளைப்பு அதிகமாகும் என்பதில் மருத்துவர்களுக்கு இரண்டு கருத்து இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வீட்டு ஈரத்துக்கும் பூஞ்சைக்கும் என்றே தனி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டிருக்கிறது.

ஆகவே தொடங்க வேண்டிய இடம் பின் அறைப் பீரோ. அலமாரியைக் கலைப்பதற்கு முன்னால் அதை ஒரு முழம் முன்னுக்கு இழுத்துவிட்டு, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு மாதிரி தெரியலாம். பீரோ நின்ற அளவுக்கு மட்டும், மிளகுத் தூளைத் தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள், மூலைகளில் அடர்த்தியாக இருந்தால், அது காற்றில்லாமல் வந்த ஈரம். சாமானைக் குறைத்து இடைவெளி விட்டால் சரியாகும். இன்னொன்று, தரையிலிருந்து ஒரு அடி, இரண்டு அடி உயரம் வரை பெயிண்ட் கொப்பளித்து, விரலால் சுரண்டினால் வெள்ளையாக உப்பு உதிர்வது. அது மேட்டு மண்ணிலிருந்து சுவர் வழியாக வருகிற ஓதம். அதற்கு நீங்கள் வீட்டையே காலி செய்தாலும் பயனில்லை. மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சாக்கடையில் மண்ணும் இலையும் அடைத்திருக்கும்; ஆள் வைத்து அள்ளி, தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டுமே இருக்கலாம் என்பது என் ஊகம். மேட்டை ஒட்டிய வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான்.

கறுப்புப் புள்ளியைத் துடைப்பத்தால் தட்டாதீர்கள், அறை முழுக்கப் பறக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அன்றைக்குக் கணவர் வெளியில் எங்காவது போய்வரட்டும்.

சரி, இப்போது துணி. இது தை மாதம், வெயில் இருக்கிறது. பங்குனி வரை உங்களுக்கு அவகாசம் உண்டு. ஒரே நாளில் வீட்டையே புரட்ட வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு தட்டு. எடுத்ததை எல்லாம் முற்றத்தில் காயப்போடுங்கள், காய்ந்தபின் ஒவ்வொன்றாகக் கையில் எடுங்கள். போன மழையிலிருந்து இந்த மழைக்குள் ஒரு தடவையாவது உடுத்தினோமா என்ற ஒரு கேள்வி போதும். உடுத்தியது உள்ளே போகட்டும். உடுத்தாததில் சந்தேகமானவற்றை ஒரு பையில் போட்டு, ‘தை’ என்று சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். அடுத்த தை வரை அந்தப் பையைத் திறக்கவில்லையென்றால், பிரித்துப் பார்க்காமலே கொடுத்துவிடலாம். பிரித்தால் மனசு மாறிவிடும், அதனால்தான் சொல்கிறேன்.

ஸ்வெட்டர் ஆளுக்கு எத்தனை? என்னைக் கேட்டால் தினப்படிக்கு இரண்டு, வெளியே போக ஒன்று. ஒன்று காயும்போது ஒன்று போட வேண்டும், மழையில் காய நான்கு நாள் ஆகும், அதனால்தான் இரண்டு. துவைக்காத கம்பளியை மட்டும் உள்ளே வைக்காதீர்கள், வியர்வைக் கறைக்குத்தான் பூச்சி வரும்.

பட்டுப் புடவைகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் இல்லாமல் இருக்காது. பிளாஸ்டிக் கவரில் இருந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள். பழைய வேட்டித் துணியில் சுற்றி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். பூச்சி உருண்டை ஜரிகையில் படக் கூடாது. இதெல்லாம் செய்ய முடியுமா என்று யோசித்தால் எத்தனை வைத்துக்கொள்வது என்பது தானாகத் தெரிந்துவிடும். மிச்சத்தை மகளிடம் கொடுத்து அனுப்புங்கள். கோவை வெயிலில் பட்டு நன்றாக இருக்கும், நூறு பொருள் கணக்கில் அவளும் கொஞ்சம் திணறட்டும்.

கலைத்தபின் பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். உள்ளே முக்கால் பங்குக்கு மேல் அடைக்காதீர்கள். பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிடுவது நம் ஊர்ப் பழக்கம். பழைய பல்பு சூடாகும், அந்தச் சூட்டில் ஈரம் போகும். இப்போது கிடைக்கும் எல்இடி பல்பு அந்த அளவு சூடாகாது, அதனால் பயனில்லை. பழைய பல்பு வைத்திருந்தால் துணியில் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நெருப்பு பிடித்த வீடுகள் உண்டு.

அதேபோல, அழகான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களை வாங்கிக் குவிக்காதீர்கள். பொருளைக் குறைக்கிறேன் என்று கிளம்பி, அடுக்கி வைக்கச் சாமான் வாங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சற்றே ஈரமாக உள்ள துணியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடினால் அது பூஞ்சை வளர்க்கும் பண்ணை. காய்ந்து மொறுமொறுவென்று இருந்தால் மட்டும் மூடலாம்.

அடுத்தது, உங்கள் வீட்டில் இடத்தை அடைத்திருப்பதில் பெரும்பகுதி மெத்தையும் ரசாயும் கம்பளியுமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சீசனுக்கு வரும் சொந்தக்காரர்களுக்காக. மலர்க் கண்காட்சி நடக்கும் அந்தச் சில வாரங்களுக்காக, மெத்தைகள் வருஷம் முழுக்கச் சுவரோரம் அடுக்கிக் கிடக்கின்றன. வருகிறவர்கள் ஜூன் மாதம் வந்து அவற்றை முகர்ந்து பார்த்தால் மறுவருஷம் லாட்ஜில்தான் தங்குவார்கள். இரண்டு பேருக்கான படுக்கை மட்டும் வீட்டில் வையுங்கள். அதற்கு மேல் ஆள் வந்தால், விசேஷத்துக்குப் பாத்திரமும் ஜமக்காளமும் வாடகைக்குத் தருகிறவரிடம் மெத்தையும் எடுத்துக்கொள்ளலாம். இதை முதலில் சொல்லும்போது கௌரவக் குறைச்சலாகத் தோன்றும். சொந்தக்காரர்களுக்கு வாடகை மெத்தையா என்று அத்தையே கேட்பார். ஒரு சீசன் பார்க்கட்டும்.

உங்கள் கட்டில் கீழே பெட்டி வைத்த ஸ்டோரேஜ் கட்டிலாக இருந்தால், ஒருநாள் காலையில் எழுந்த சூட்டோடு மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். அடிப்பக்கம் கைக்குச் சில்லென்று இருக்கும், சில சமயம் ஈரமே தெரியும். உடம்புச் சூட்டில் கிளம்பும் ஆவி மெத்தை வழியாக இறங்கி, குளிர்ந்த பிளைவுட்டில் முட்டி நிற்கிறது. கீழே இழுப்பறை முழுக்கத் துணி இருந்தால் அது வெளியேற வழியில்லை. என் கருத்து, மலையில் ஸ்டோரேஜ் கட்டில் வேண்டவே வேண்டாம். இருப்பதை விற்க முடியாவிட்டால் பெட்டியைக் காலி செய்து, பலகையில் கார்பென்டரை வைத்து வரிசையாகத் துளை போடச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் படுக்கையை மடித்துப் பெட்ஷீட்டால் மூடாமல் ஒரு மணி நேரம் அப்படியே விட்டு வையுங்கள். பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

ஷெட்டுக்கு வருவோம். அங்கே அரிசி மூட்டையோ எண்ணெய் டின்னோ இருந்தால் முதல் வேலையாக வீட்டுக்குள் கொண்டுவாருங்கள், அல்லது சமைத்துத் தீருங்கள். கோத்தகிரிப் பக்கம் கரடிகள் எண்ணெய்க்கும் அரிசி பருப்புக்கும் கடைக் கதவையும் கோயில் கதவையும் உடைத்துக்கொண்டு வருவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தகரக் கதவு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பரணில் உள்ள சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டிய ஒரு செட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போடலாம். பித்தளைக்கு நல்ல விலை கிடைக்கும், எவர்சில்வருக்குப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கணவரின் ஒயர், பழைய சார்ஜர், ரிப்பேரான மிக்ஸி வகையறாவை அவரே ஒரு பெட்டிக்குள் அடக்கட்டும். பெட்டி நிரம்பினால் புதிதாக ஒன்று வர, பழையது ஒன்று போக வேண்டும்.

இனி அத்தை. இதில் நான் பொறியாளராக இல்லாமல், நிறையக் குடும்பங்களின் பரணைக் காலி செய்தவனாகப் பேசுகிறேன்.

1964 அக்டோபர் 30-இல் நம் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கே குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக எழுதினார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் அத்தை. பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டு, கப்பலேறி ராமேஸ்வரம் வந்து இறங்கி, முன்பின் தெரியாத மலையில் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியவர். ஒரு பெட்டியில் அடங்கியது மட்டும்தான் மிச்சம் என்று ஆன ஒருவரிடம் போய், பொருள் இல்லாமல் இருப்பது சுகம் என்று இருபத்தைந்து வயதுப் பேத்தி சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? ஹார்லிக்ஸ் பாட்டிலை விடாமல் இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. மகளிடம் இதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், அதுவும் அத்தை இல்லாத நேரத்தில்.

அத்தையின் அறையும் அலமாரியும் கணக்கில் சேராது என்று முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் மருத்துவமனைக்கோ கல்யாணத்துக்கோ போயிருக்கும்போது எதையாவது எடுத்துப் போடும் வேலை மட்டும் கூடவே கூடாது. ஒரு பாட்டில் காணாமல் போனது தெரிந்தால் அதற்கப்புறம் பத்துப் பாட்டிலை ஒளித்து வைப்பார். பாட்டில்களை வேலைக்குக் கொண்டுவரலாமே. மிளகு, கடுகு, சீரகம், உப்பு எல்லாம் பிளாஸ்டிக் டப்பாவில் நமுத்துப் போகிறதென்றால் கண்ணாடி பாட்டில்தான் அதற்கு மருந்து. “அத்தை, பன்னிரண்டு பாட்டில் கொடுங்க, மசாலாவுக்கு வேணும்” என்று கேட்டுப் பாருங்கள். கேட்டு வாங்கினால் கொடுப்பார். மீதியை அவரே பார்த்து ஒதுக்கக்கூடும், ஒதுக்காவிட்டாலும் சண்டை வேண்டாம்.

அந்தத் தகரப் பெட்டிக்கு மட்டும் உடனே ஒரு வேலை இருக்கிறது. தரையில் நேராக வைத்திருந்தால் அடித்தகரம் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். நாலு செங்கல்லோ இரண்டு மரக்கட்டையோ வைத்து உயர்த்துங்கள். வெயில் நாளில் அத்தையையே திறக்கச் சொல்லி, பக்கத்தில் உட்காருங்கள். உள்ளே தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டை, பாஸ்போர்ட், பழைய கடிதங்கள், போட்டோக்கள் இருக்கலாம். இராமபாணப் பூச்சிக்கு இவைதான் விருந்து. குடும்ப அட்டையும் பாஸ்போர்ட்டும் அத்தை எங்கிருந்து எப்போது வந்தார் என்பதற்குச் சாட்சி. பேரப்பிள்ளைகளுக்கு நாளைக்குத் தேவைப்படலாம். செல்போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து மகளுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டு, அசலை வெயில் நேராகப் படாமல் நிழலில் காற்றாட வைத்து, ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். வீடியோ அனுப்புகிற மகளுக்கு இந்த வேலையைக் கொடுத்தால் இன்னும் நல்லது. பாட்டியும் பேத்தியும் ஒரு மத்தியானம் பெட்டியோடு உட்காரட்டும்.

ஒதுக்கியதை எங்கே கொண்டுபோவது? நல்ல கம்பளியும் ஸ்வெட்டரும் துவைத்து, காயவைத்து, பக்கத்து முதியோர் இல்லத்தில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கிழிந்த கம்பளி, பழைய துண்டு எல்லாம் நாய் காப்பகங்களுக்கு உதவும். இரும்பு, பேப்பர், பாட்டில் பழைய சாமான்காரருக்கு. உடையாத சிஎஃப்எல் பல்பையும் டியூப் லைட்டையும் தனியாகக் கட்டி, என்னவென்று சொல்லிக் கொடுங்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. பூஞ்சை ஏறிய ஸ்பாஞ்ச் மெத்தையை யாருக்கும் தானம் செய்ய வேண்டாம், அந்த வியாதியும் சேர்ந்து போகும். போகிக்கு எரிக்கிறேன், சரிவில் தள்ளிவிடுகிறேன் என்பதெல்லாம் வேண்டாம். சரிவில் போட்டது மழையில் ஓடையை அடைக்கும், காட்டெருமையும் கரடியும் அதைக் கிளற வரும்.

கடைசியாகப் பரண். இப்போது இடிக்காதீர்கள். அது கான்கிரீட் பரணாக இருந்து சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால், இடிக்கும்போது சுவரில் விரிசல் விடும், அதில் மழை இறங்கும். சாமான் சேர்வதற்குப் பரண் காரணமில்லை, அதன் முன்னால் போட்டிருக்கும் கதவுதான் காரணம். கண்ணுக்குத் தெரியாததால் ஏற்றிக்கொண்டே போகிறோம். கதவைக் கழற்றிவிடுங்கள். சமையல் ஆவி முழுக்க மேலே ஏறிப் பரணில்தான் தங்குகிறது என்பதால், கதவில்லாமல் இருப்பது ஈரத்துக்கும் நல்லது.

சில நூறு ரூபாய்க்கு ஈரப்பத மானி கிடைக்கிறது, வெப்பமும் காட்டும். ஒன்று வாங்கிப் பரணில் ஒரு வாரம், பின் அறையில் ஒரு வாரம் வைத்து, காலை சமையலுக்கு முன்னும் பின்னும் எண்ணைக் குறித்துவையுங்கள். 60 சதவீதத்துக்குள் நின்றால் கவலையில்லை. தை வெயிலிலேயே 75, 80 என்று காட்டினால் சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லை, அல்லது இருந்தும் இழுக்கவில்லை என்று பொருள். குறித்ததையும் சமையலறையின் நீள அகலத்தையும் எழுதி அனுப்புங்கள், எந்த அளவு ஃபேன், எந்தச் சுவரில் என்று சொல்கிறேன்.